கார், அவன்

1937 பெப்ரவரி 8, திங்கள்

விடிய மழை இல்லை. சின்னக்குட்டி இரண்டு சுற்றிலேயே கிளம்பிவிட்டாள். சின்னக்குட்டி என்பது என் லொறி. குட்டை உடம்பு, பெரிய சத்தம். என் மாமியாரை நினைத்து வைத்த பெயர் என்று என் பொண்டாட்டி நாகலெட்சுமியிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒரு வாரம் சோறு குழைந்தே வந்தது.

மூணாங்கிளாசோடு நின்ற ஆளுக்கு டயரி என்னத்துக்கு என்று கேட்கிறாள். அட்டன் கடை முதலாளி வருசப் பிறப்புக்குச் சும்மா கொடுத்தது. பகல் பூரா நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தையே கிண்டல் பண்ணுகிறேன். என்னைக் கிண்டல் பண்ண ஓர் ஆள் வேண்டாமா?

இன்றைக்கும் எரு மூட்டைதான். தேயிலைப் பெட்டியெல்லாம் அழகுமுத்து லொறியில் அட்டன் ஸ்டேசனுக்குப் போகிறது. பொகவந்தலாவையிலிருந்து வந்து ரெண்டு மாசம் ஆகவில்லை, புது லொறியை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். முன் சில்லு இங்கே இருந்தால் பின் சில்லு அடுத்த மலையில் இருக்கும். அவ்வளவு நீளம். நான் அதற்குச் சாரைப்பாம்பு என்று பேர் வைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தேயிலை ஏற்றினாலும் வாசம். எரு ஏற்றினாலும் வாசம்தான்.

பெப்ரவரி 13, சனி

நாங்கள் குடியிருக்கிற லயத்துப் பக்கம் லொறியை நிறுத்தி, அழகுமுத்து கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தான். கண்ணாடி அவன் முகத்துக்கா, பின்னால் வருகிற வண்டிக்கா?

"அண்ணே, ஒங்க லொறிய மடிச்சு மடியில வச்சுக்கலாம் போல இருக்கே" என்றான்.

நாகலெட்சுமி சிரித்தாள். நான் சொன்னால் சிரிக்கிற அதே சிரிப்பு, வாயைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்க. அதை எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்ததுமில்லாமல், "தம்பி, தேத்தண்ணி குடிச்சுட்டுப் போங்க"ன்னு வேற.

சீனி போட்டுக் கொடுத்தாள். எனக்குக் கருப்பட்டித் துண்டைக் கடிச்சுக்கோங்க என்பாள்.

பெப்ரவரி 17, புதன்

காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், எல்லாரும் நிற்கிறோம். வெள்ளைக்காரத் தொரை குதிரையிலிருந்து இறங்கி, மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு முத்துலிங்கம் ஐயாவிடம் தன்னுடைய தமிழில் சொல்கிறார். என் காதால் கேட்டேன்.

"அடுத்த வாரம் கார் அவன் வரும்."

சொல்லும்போது கையை நீட்டினார். கை நீண்ட பக்கம் யார் நிற்கிறான்? அழகுமுத்து. எண்ணெய் வடிய, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

புதுக் கார் வருகிறது. அவனுக்கு. கார், அவன்.

நேரே அவனிடம் போய், "என்ன தம்பி, லொறிய விட்டுட்டுக் காருக்கு ஏறிட்டீங்க போல? இனிமே எங்களையெல்லாம் பாத்தா ஹோரன் அடிப்பீங்களா?" என்றேன். அவன் முழித்தான். நடிப்பு! ஒன்றுமே தெரியாத மாதிரி நடிக்கிறான். மத்தியானத்துக்குள் தோட்டம் பூரா பரவிவிட்டது. பரப்பினது நான்தான். வேறு யாராவது சொல்லி நான் கேட்பதைவிட, நானே சொல்லிவிடுவது மேல் என்று நினைத்தேன்.

பெப்ரவரி 18

கார் என்ன நிறமோ.

பெப்ரவரி 24, புதன்

வந்தது. கார் இல்லை.

ரயிலில் அட்டனுக்கு வந்து இறங்கிய ஒரு பெட்டி. பெட்டி என்றால் வீடு. கீழே ரெண்டே சில்லு, முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு இரும்புக் கை. உள்ளே மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, சன்னலுக்குப் பூப்போட்ட திரைச்சீலை. தானாக ஓடாது. ஏதாவது ஒரு வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். சீமையில் தொரைமார் இதை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவார்களாம்.

கண்டாக்கையா எல்லார் முன்னாலும் சொன்னார்: "டேய் செல்லசாமி, அது கார் அவன் இல்லடா. காரவன். ஒரே சொல்லு. இந்த வண்டிக்கு அதுதான் பேரு."

சிரிச்சாங்க பாரு! கங்காணி மூக்கன் தரையில் உட்கார்ந்தே சிரித்தான். அழகுமுத்து, "அண்ணே, ஹோரன் அடிக்கட்டுமா?" என்றான். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

நாகலெட்சுமி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நம்ம லயத்துக் காம்பராவைவிடப் பெரிசுங்க. தொரைக்குப் பங்களா பத்தாதுன்னு, இழுத்துக்கிட்டுத் திரிய ஒரு காம்பரா" என்றாள். இதற்கு நான் சிரித்தது நிஜச் சிரிப்பு.

மார்ச் 2, செவ்வாய்

ஏப்ரலில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி. தொரைசானியும் கைக்குழந்தையும் காரவனில் தங்கப் போகிறார்கள். தொரையின் சின்னக் கார் மேட்டில் அதை இழுக்காது. லொறிதான் இழுக்க வேண்டும். எந்த லொறி?

"அழகுமுத்து லொறிதான். புதுசு, பலம்" என்றார் கண்டாக்கையா.

எனக்கு எங்கேயிருந்து துணிச்சல் வந்ததோ. நேரே தொரையிடம் போனேன். அழகுமுத்து அந்த வெள்ளைப் பெட்டியை இழுத்துக்கொண்டு, தலை சீவிக்கொண்டு, நுவரெலியாக் கடைத்தெருவில் போவதை நினைத்துப் பார்த்தேன். கால் தானாக நடந்தது.

"தொரை, நம்ம ரோட்டு வளைவு தொரைக்குத் தெரியும். நீட்டு லொறி வளைவில ஒரே மூச்சில திரும்பாது. முன்ன போயி, பின்ன வந்து, மறுபடி முன்ன போவணும். வாலுல ஒரு வீட்டைக் கட்டிக்கிட்டு எப்புடிப் பின்னாடி வாறது? மடிஞ்சிரும் தொரை. நம்ம லொறி குட்டை. நின்ன எடத்துல திரும்பும்."

கையாலேயே வளைத்துக் காட்டினேன். தொரை புகைக் குழாயைக் கடித்துக்கொண்டு பார்த்தார். "சரி, செல்லசாமி. முதல் ஒரு நாள் இழுத்துப் பார்க்கும். ஆள் ஏறக் கூடாது" என்றார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அழகுமுத்து நீட்டு லொறி வைத்திருக்காவிட்டால், நீட்டு லொறியின் குறை எனக்குத் தெரிந்திருக்குமா?

மார்ச் 7, ஞாயிறு

காமன் கூத்துக்கு வேஷம் பிரிக்கிறார்கள். வழக்கம்போல எனக்குக் கோமாளி. மன்மதன் யார் என்று கேட்டால், ஒரே வாயாக, "அழகுமுத்து!"

பொம்பளைகள் பக்கமிருந்துதான் சத்தம் அதிகம்.

"அப்ப எனக்கு இந்த வருசம் சிவன் வேஷம் குடுங்க. நெத்திக்கண்ணைத் தொறந்து மன்மதனை நானே எரிச்சுப்புடுறேன்" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல கிண்டல் என்று நினைத்தார்கள்.

மார்ச் 13, சனி

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

இன்றைக்குத்தான் இழுத்துப் பார்க்கிற நாள். காலையில் அழகுமுத்துதான் கொக்கியை மாட்டிக் கொடுத்தான். கண்டாக்கையா சொல்லி அனுப்பியிருந்தார். நாகலெட்சுமியை உள்ளே துடைத்துப் பெருக்கப் பங்களாவிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்து இறங்கப் போனவளை நான்தான், "இறங்காதே புள்ள. தொரைசானி மாதிரி சன்னல் பக்கத்துல உக்காரு. லயத்தைச் சுத்தி ஒரு வட்டம் போவோம்" என்றேன். ஆள் ஏறக் கூடாது என்று தொரை சொன்னது ஞாபகம் இருந்தது. அவள் பூப்போட்ட திரைக்குப் பின்னாலிருந்து பார்ப்பதை லயத்து ஜனம் பார்க்க வேண்டும். லயத்து ஜனம் என்ன, ஒருத்தன் பார்த்தால் போதும்.

மேட்டில் ஏறும்போது சொர்க்கம். வளைவெல்லாம் சின்னக்குட்டி ஒடித்துத் திரும்பினாள். பெட்டியும் கோழிக்குஞ்சு மாதிரி பின்னாலேயே வந்தது. தேயிலை ஸ்டோர் வாசலில் அழகுமுத்து நின்றான். ஹோரன் அடித்தேன்.

இறக்கத்தில் வந்தது வினை. கொஞ்சம் வேகம் பிடித்ததும் பெட்டி லேசாக ஆடியது. இடது பக்கம், வலது பக்கம். அது ஆட ஆட என் லொறியின் பின்பக்கத்தைத் தள்ளியது. பின்பக்கம் ஒரு பக்கம் போனால் மூக்கு மறுபக்கம் போகிறது. நான் வளையத்தைத் திருப்பினால் அது அடுத்த பக்கம் இன்னும் பலமாகத் தள்ளுகிறது. பிரேக்கை மிதித்தேன். அதுதான் கெட்டது. பெட்டி பின்னாலிருந்து ஏறி வந்து தள்ளியது. ஒரு பக்கம் பள்ளம். கீழே தேயிலை, அதற்கும் கீழே ஆறு. பின்னாலேயிருந்து அவ என் பேரைச் சொல்லிக் கத்துறா. பேரைச் சொல்லமாட்டாளே அவ! ஐயோ, பேரைச் சொல்லிக் கத்துறா.

மலைப்பக்கம் ஒடித்து, மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் சில்லை இறக்கினேன். மண்ணில் உரசி நின்றது.

நாகுவுக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. நெற்றி புடைத்துவிட்டது. அவள் முதலில் சொன்னது: "தொரைசானியா இருக்கிறது ரொம்பக் கஷ்டங்க."

மார்ச் 14, ஞாயிறு

கை வீங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரி ஐயா கட்டுப் போட்டுவிட்டார். அந்தக் கையை வைத்து எப்படிக் கொழுந்து எடுப்பாள்?

கண்டாக்கையா வந்து, எப்படி ஆனது என்று கேட்டார். பெட்டிக்குள் நாகு இருந்தது தொரைக்குத் தெரியாது, தானும் சொல்லப்போவதில்லை என்றார். நல்ல மனுசன்.

"கொக்கி சரியா மாட்டலிங்க. அதான் ஆடிச்சு" என்றேன்.

"மாட்டினது அழகுமுத்துதானே?"

"ஆமாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எதனால் ஆடும்? ஓட்டினது நான். சாலை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற சாலை. அவன் கை பட்ட இடம் ஒன்றுதான், அதனால் குற்றமும் அங்கேதான்.

மார்ச் 16, செவ்வாய்

அழகுமுத்துவுக்குப் பத்துச்சீட்டு கொடுக்கப் போகிறார்களாம். பேரை வெட்டித் தோட்டத்தை விட்டு அனுப்புவது. வியாழக்கிழமை பங்களாவில் விசாரணை. பொகவந்தலாவையில் அவன் அம்மாவும் தங்கச்சியும் இவன் ஒருத்தன் சம்பாத்தியத்தில்தான் இருக்கிறார்களாம். மூக்கன் சொன்னான்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மத்தியானம் ரொட்டி இறங்கவில்லை.

சாயந்திரம் அவனே வந்தான். தலை சீவவில்லை.

"அண்ணே, கொக்கிய மாட்டிட்டு ஒங்களத்தான் ஆட்டிப் பாக்கச் சொன்னேன். நீங்க ரெண்டு கையாலயும் புடிச்சு ஆட்டுனீங்க. 'கல்லு மாதிரி இருக்கு, போடா'ன்னீங்க. நெனப்பு இருக்காண்ணே?"

நான் லொறிக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நினைப்பு இருக்கிறது.

மார்ச் 17, புதன்

நாகு இடது கையால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "கொக்கி கழண்டுச்சாங்க?"

"கழலலை."

"அப்ப எதுக்கு ஆடிச்சு?"

"அதான் தெரியலையே."

அவள் எழுந்து நின்றாள். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, முதுகில் தொங்கவிட்டாள். இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டாள். "இப்ப கூடைய ஆட்டுங்க" என்றாள்.

கூடையைப் பிடித்து லேசாக ஒரு பக்கம் தள்ளினேன். அவள் அடுப்புப் பக்கம் சாய்ந்தாள். பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காலை முன்னால் தூர வைத்து, மற்றதைப் பின்னால் ஊன்றினாள். "இப்ப ஆட்டுங்க."

கூடை ஆடியது. அவள் அசையவில்லை.

"கூடை நெறஞ்சா சரிவுல இப்படித்தான் நிப்போம். காலை ஒட்டி வச்சா கூடை நம்மள உருட்டிவிட்டுரும். ஒங்க சின்னக்குட்டி காலை ஒட்டி வச்சுக்கிட்டு நிக்கிறா. முதுகுல ஒரு காம்பராவை மாட்டிவிட்டா அவ என்ன பண்ணுவா, பாவம்? கொக்கி மேல ஏன் பழி போடுறீங்க?"

அவள் கொக்கி என்றுதான் சொன்னாள். அவன் பெயரைச் சொல்லவில்லை.

வெளியே போனேன். ஸ்டோர் வாசலில் ரெண்டு லொறியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. என்னுடையதில் முன் சில்லும் பின் சில்லும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ளலாம். அவனுடையதில் கூப்பிட்டால்தான் கேட்கும். வால் ஆடினால் எனக்குத் தலையும் ஆடுகிறது. வாலுக்கும் தலைக்கும் நடுவே இடமே இல்லையே. அவனுக்கு வால் ஆடினாலும், அது தலைக்கு வந்து சேருமுன் அடங்கிவிடும். வளைவுக்கு என் குட்டை நல்லது. இறக்கத்துக்கு அவன் நீளம் நல்லது. தொரைசானியும் குழந்தையும் போகப் போவது வளைவிலும்தான், இறக்கத்திலும்தான். ஆனால் வளைவில் மாட்டிக்கொண்டால் நின்றுவிடலாம். இறக்கத்தில் ஆடினால் நிற்க முடியாது. எனக்குத் தெரியும்.

தெரிந்தது ஏன் இன்றைக்குத் தெரிய வேண்டும்? வெள்ளிக்கிழமை தெரிந்திருக்கக் கூடாதா?

மார்ச் 18, வியாழன்

பங்களா வாசல். தொரை, கண்டாக்கையா, ஒரு பக்கம் அழகுமுத்து, ஒரு பக்கம் நான். என் வாய் தோட்டத்திலேயே பெரிய வாய். அதை வைத்துத்தான் இன்றைக்கு உண்மை சொல்ல வேண்டும்.

"செல்லசாமி, கொக்கி?" என்றார் தொரை.

"கொக்கி கல்லு மாதிரி இருந்திச்சு தொரை. நான்தான் ஆட்டிப் பாத்தேன். தப்பு லொறி மேல. என் லொறி குட்டை. பெட்டி ஆட்டுனா லொறியும் ஆடுது." காலை ஒட்டி வைத்தும் அகட்டி வைத்தும் காட்டினேன். கண்டாக்கையா சிரிப்பை அடக்கினார். அப்புறம், யாரும் கேட்காமலே, "ஆள் ஏறக் கூடாதுன்னு தொரை சொன்னீங்க. என் பொண்டாட்டிய நான்தான் ஏத்துனேன். கை பிசகிருச்சு" என்றேன்.

தொரை முகம் சிவந்தது. இங்கிலீஷில் நிறையச் சொன்னார். எனக்குப் புரியாதது என் அதிர்ஷ்டம். பிறகு கேட்டார்:

"இனி காரவன், யார்?"

அழகுமுத்து நின்ற பக்கம் கையை நீட்டிக் காட்டினேன்.

"காரவன்... அவன்."

கண்டாக்கையாவுக்கு இந்தத் தடவை அடக்க முடியவில்லை.

மார்ச் 20, சனி

பத்துச்சீட்டு இல்லை. யாருக்கும் இல்லை. எனக்கு மட்டும் தொரையிடமிருந்து திட்டு, தவணை முறையில்.

அழகுமுத்து மறுபடி தலை சீவ ஆரம்பித்துவிட்டான். நன்றி சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

மார்ச் 27, சனி

மன்மதனை எரித்தாயிற்று. சிவன் வேஷம் மூக்கனுக்குப் போனது. நான் கோமாளி. ரதி வேஷக்காரன் அழுதபோது நானும் கூடவே ஒப்பாரி வைத்தேன், "ஐயோ, இனிமே யாரு கண்ணாடி பாத்துத் தலை சீவுவா!" என்று. சாம்பலில் படுத்திருந்த மன்மதனுக்கே வயிறு குலுங்கியது. நாகுவும் தோள் குலுங்கச் சிரித்தாள், கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அந்தச் சிரிப்பு எனக்கு. நன்றாகப் பார்த்தேன். எனக்குத்தான்.

ஏப்ரல் 3, சனி

நுவரெலியா. குளிர். ஒரு கொட்டகையில் லொறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் புறப்பட்டோம். முன்னால் தொரையின் கார். நடுவில் சாரைப்பாம்பு, அதன் வாலில் வெள்ளைப் பெட்டி. கடைசியில் நானும் சின்னக்குட்டியும், தொரையின் குளிக்கிற தொட்டி, கட்டில், கூடையில் கோழிகள். என் பக்கத்தில் நாகு. கை தேறிவிட்டது, ஆனால் இன்னும் கூடை மாட்டவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். தொரைசானி காரில் ஏறாமல் காரவனில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, குழந்தையோடு சன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

தலவாக்கலை இறக்கம் பூரா நான் அந்தப் பெட்டியின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆடியது. கொஞ்சம் ஆடியது. லொறி ஆடவில்லை. கூடை மாட்டிக்கொண்டு காலை அகட்டி நிற்கிற பொம்பளை மாதிரி போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு நல்லா ஓட்டுறான் பாவி. வயிறு எரிஞ்சுது. நாகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புகை வருதுங்க, இஞ்சினா?" என்றாள்.

நானுஓயா தாண்டி ஏறுகிறபோது அந்த வளைவு. சாரைப்பாம்பு மூக்கை நுழைத்தது, திரும்பவில்லை. பின்னால் வரப் பார்த்தான், பெட்டி மடியப் பார்த்தது. நின்றுவிட்டான். தொரை காரைவிட்டு இறங்கி வந்தார். 'அன்றைக்கே சொன்னேனே' என்று சாமி சத்தியமாக நான் சொல்லவில்லை. கோழிக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன்.

அழகுமுத்து இறங்கினான். கொக்கியைக் கழற்றினான். பெட்டியின் சில்லுக்குக் கல் அண்டை கொடுத்தான். பிறகு சாரைப்பாம்பை மட்டும் முன்னும் பின்னும் ஓட்டி வளைவுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நடந்து இறங்கி வந்தான்.

"யார்?" என்றார் தொரை.

அவன் என் பக்கம் கையை நீட்டினான்.

"காரவன்... அவரு, தொரை."

சின்னக்குட்டியைக் கொண்டுபோய் மாட்டினேன். கொக்கியை அவனே ஆட்டிப் பார்த்தான். நடக்கிற வேகத்தில், ஏற்றத்தில், ஒரே ஒடிப்பில் திருப்பினேன். உள்ளேயிருந்து தொரைசானி கை ஆட்டினாள். எனக்கா மலைக்கா, தெரியவில்லை. வளைவுக்கு மேலே நிறுத்தி, கழற்றி, அவனிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த ஒரு வளைவு என்னுடையது.

இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். அன்றைக்குப் பங்களாவில் நான் "அவன்" என்றேன். இன்றைக்கு அவன், "அவரு" என்கிறான். தொரைக்கு முன்னால், எல்லாரும் கேட்க.

இதிலும் என்னை முந்திவிட்டான். படுபாவி. தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கப் போகிறேன், சீனி போட்டு.